ஐந்து முறை பன்றி, ஆறாம் முறை முயல்

ஒரு காட்டில் ஒரே ஒரு சேற்றுக்குட்டைதான் இருந்தது, குழந்தைகளே. கோடை வந்துவிட்டால் அதில் புரள எருமைகளுக்கும் ஆசை, காட்டுப்பன்றிகளுக்கும் ஆசை. இரண்டு கூட்டமும் சேர்ந்து இறங்கினால் குட்டை தாங்காது. அதனால் ஆண்டுதோறும் ஒரு பந்தயம் வைப்பார்கள்.

உரிக்காத தேங்காய்தான் பந்து. அதைக் கவ்விக்கொண்டு ஓடி எதிரணியின் கோட்டைத் தாண்ட வேண்டும். ஆறு முறை மடக்கிப் பிடித்துவிட்டால் தேங்காய் எதிரணிக்குப் போய்விடும். உதைக்கவும் செய்யலாம். ஆனால் உதைத்த தேங்காயை யார் பிடிக்கிறார்களோ அது அவர்களுக்கு. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பிடித்தாலும் தாண்டிய கணக்குதான். முதலில் இரண்டு முறை கோட்டைத் தாண்டும் அணிக்குக் கோடை முழுவதும் குட்டை சொந்தம்.

பன்றிகளின் தலைவன் பெயர் மண்டையன். தலையைக் குனிந்துகொண்டு நேராக ஓடுவது ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். எருமைகள் சுவர் போல நிற்கும், அவன் போய் மோதுவான். இப்படியே மூன்று ஆண்டுகள் தோற்றாயிற்று.

அவன் மனைவி கருக்காயி ஒருநாள் முதுகைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்க, மூணு கோடையா தோல் வெடிச்சுக் கிடக்கு. இந்தத் தடவையும் தோத்தா நான் எருமைக் கூட்டத்துலயே போய்ச் சேர்ந்துடுவேன்."

மண்டையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னதான் செய்யச் சொல்ற?"

"ஆத்தோரத்துல முயலுங்க காலால உதைச்சே ஒரு ஆட்டம் ஆடுது. மேட்டுல மந்திங்க ஒண்ணு முதுகுல ஒண்ணு ஏறி, மேலே பறந்து வர்ற காயைப் பிடிச்சு ஆடுது. போய்க் கத்துக்குவோம்."

"போயும் போயும் முயல்கிட்டயா?" என்று உறுமினான் மண்டையன். ஆனாலும் போனான். மனைவி எருமைக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டால் காட்டில் தலைகாட்ட முடியுமா?

முதல் உதையில் தேங்காய் அசையவில்லை. மண்டையன்தான் மல்லாந்து விழுந்தான். மந்தியிடம் பாடம் கேட்ட கருக்காயி கணவனின் முதுகில் பாய்ந்து ஏறிப் பழகியதில், அவனால் இரண்டு நாள் நிமிர முடியவில்லை.

பத்தாம் நாள் தேங்காய் மரக்கிளைக்கு மேலே பறந்தது. மண்டையனுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முதல் நடக்கும்போதும் உதைத்தான், தூங்கும்போதும் உதைத்தான். பாவம், பக்கத்தில் படுத்திருந்தவள் கருக்காயி.

பந்தய நாள் வந்தது. தேங்காய் கிடைத்ததும் உதைத்தான். எருமைகள் சாவகாசமாகப் போய் எடுத்துக்கொண்டன. மறுபடி கிடைத்தது, மறுபடி உதைத்தான். ஓரத்தில் நின்ற முயல்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோதே எருமைகள் ஒருமுறை கோட்டைத் தாண்டிவிட்டன.

இடைவேளையில் கருக்காயி கோபத்தை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "நல்லாத்தான் உதைக்கிறீங்க. ஆனா ஓடவே மறந்துட்டீங்களே. அஞ்சு தடவை பன்னியா ஓடுங்க. ஆறாவது தடவை மட்டும் முயலா இருங்க."

அப்படியே செய்தான். ஐந்து முறை ஓடி மோதினான். எருமைகள் எல்லாம் முன்னால் வந்து நெருக்கியடித்து நின்றன. ஆறாம் முறை தேங்காய் அவற்றின் கொம்புகளுக்கு மேலே பறந்தது. கோட்டுக்கு அப்பால் கருக்காயி இன்னொரு பன்றியின் முதுகில் ஏறிக் கவ்வினாள். ஆளுக்கு ஒன்று, கணக்குச் சமம்.

அடுத்து மீண்டும் ஐந்து ஓட்டம். ஆறாம் முறை மண்டையன் காலைத் தூக்கினான். "பறக்கப் போகுது, பின்னால ஓடுங்க" என்று கத்தினான் எருமைத் தலைவன். எருமைகள் பின்னால் ஓடி, வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றன. எதிரே சுவரைக் காணோம். மண்டையன் தூக்கிய காலைக் கீழே வைத்தான். தலையைக் குனிந்தான். நேராக ஓடினான்.

எருமைகள் வானத்திலிருந்து பார்வையை இறக்கியபோது அவன் கோட்டைத் தாண்டி, அப்படியே குட்டையில் போய் விழுந்திருந்தான்.

"குருவே, நீங்களும் இறங்கி வாங்க" என்று தனக்கு உதைக்கக் கற்றுக்கொடுத்த முயலைச் சேற்றிலிருந்து பணிவோடு அழைத்தான். முயல் தன் வெள்ளை ரோமத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டது. "எனக்கு ஜலதோஷம்" என்று சொல்லி நழுவிவிட்டது.

நீதி: பிறரிடமிருந்து புதிய வித்தையைக் கற்றுக்கொள், அந்த மகிழ்ச்சியில் உன் சொந்த வித்தையைக் கைவிடாதே.