உலகம்மாளின் சிமிழ்

கோமதிநாயகம் சார் தன் குருவைவிட வயதில் மூத்தவர். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குருவின் பெயர் டாக்டர் மைதீன் பாத்து. தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் மூலிகைகளைச் சோதிக்கிற ஆய்வுக்கூடம் வைத்திருந்தார். வேரோ, பட்டையோ, பொடியோ யார் கொண்டுவந்தாலும், அது சொன்ன சரக்குதானா, கலப்படம் உண்டா என்று பார்த்துச் சொல்வார். எனக்கு அங்கே கண்ணாடிக் குழாய்கள் கழுவுகிற வேலை.

குரு சீடரை "சார்" என்பார். சீடர் குருவை "டாக்டரம்மா" என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார்கள் என்றே தெரியாது.

சார் படிக்க வந்தவர் அல்ல. முதல் நாள் ஒரு மரக் குங்குமச் சிமிழோடு வந்து நின்றார். திறந்து காட்டினார். உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ பொடி.

"என் வீட்டுக்காரி உலகம்மா மூட்டுவலிக்குச் சாப்பிட்ட மருந்தும்மா. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் மூலிகைப் பொடின்னு வித்தான். நான்தான் வாங்கினேன். நான்தான் தேன்ல குழைச்சு தினமும் என் கையால கொடுத்தேன். அவளுக்கு கிட்னி போயிட்டு. பொறவு அவளும் போயிட்டா."

"என்ன தெரியணும்?"

"இதுல விஷம் இருந்துச்சா இல்லையா. அது ஒண்ணுதான்."

டாக்டரம்மா சிமிழுக்குள் பார்த்தார். சிமிழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடிக் கையில் கொடுத்தார்.

"நீங்களே பாருங்க சார். நான் கத்துத் தாரேன்."

வேதியியல் வாத்தியாராச்சே, நாலு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தார் மனுஷர். எங்கே! நல்ல வேரையும் போலி வேரையும் மோந்து பார்த்துப் பிரிக்கவே மழைக்காலம் ஒன்று போய்விட்டது. பிறகு எரித்துச் சாம்பலாக்குவது, கரைப்பது, வடிகட்டுவது. சிமிழ் அலமாரியில் இருந்தது. சார் தினமும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்.

டாக்டரம்மாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சரக்கைச் சோதித்தால் போதாது, அது வந்த பாத்திரத்தையும் தனியாகச் சோதித்தாக வேண்டும். மஞ்சள் பை, ஜாம் பாட்டில், பேப்பர் பொட்டலம், எதுவானாலும் சரி. ஒரு வியாபாரி கடுப்பாகி, "அடுத்து என் செருப்பையும் கேப்பீங்களோ?" என்றான். அவன் கொண்டுவந்த நன்னாரி வேரில் பூச்சிமருந்து இருந்தது. வேரில் குற்றமில்லை, சாக்கு பூச்சிமருந்துச் சாக்கு. அதைக் கண்டுபிடித்ததே சார்தான். அன்றைக்கு அவர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பைப் பார்த்தேன்.

ஒரு நாள் காலையில் டாக்டரம்மா சொன்னார்.

"இன்னைக்கு உங்க பொடியப் பாருங்க சார்."

சார் அலமாரியிலிருந்து சிமிழை எடுத்தார். அந்த நேரம் பார்த்து, லுங்கி கட்டிய ஒருவர் மருந்துப் பொட்டலத்தோடு வந்தார்.

"என் சம்சாரத்துக்கு வாங்கினது சார். கொடுக்கலாமான்னு பாத்துச் சொன்னா..."

"இன்னைக்கு முடியாது. நாளைக்கு வாங்க." அவர் முகத்தைக்கூட சார் பார்க்கவில்லை.

வந்தவர் போகவில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

சார் பொடியை எரித்தார். கரைத்தார். வடிகட்டினார். தெளிந்த நீரில் சோதனை மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டார். மஞ்சள் இறங்கியது. பளீரென்ற மஞ்சள். பள்ளிக்கூட லேபில் பிள்ளைகள் பார்த்துக் கைதட்டுகிற மஞ்சள்.

குழாயைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் வந்தார்.

"ஈயம். இருக்கு டாக்டரம்மா. நான்தான் கொன்னுருக்கேன். என் கையாலயே கொடுத்துக் கொன்னுருக்கேன்."

அழுதார். ஆனால் அந்தக் குரலில் ஒரு நிம்மதியும் இருந்தது. ஐயோ, அந்த நிம்மதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டரம்மா குழாயை வாங்கிப் பார்க்கவில்லை.

"சிமிழப் பாத்தீங்களா சார்?"

சாருக்கு முகம் செத்துவிட்டது. ஊரார் கொண்டுவந்த சாக்கையெல்லாம் சோதித்தவர், தன் சிமிழை மறந்துவிட்டார்.

திரும்பிப் போனார். சிமிழின் இடுக்கில் கொஞ்சம் பழைய குங்குமம் ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தார். அதே வேலைகளை முதலிலிருந்து செய்தார். மருந்தை விட்டார்.

அதே மஞ்சள்.

"கடைக் குங்குமம்," என்றார் டாக்டரம்மா. "நிறம் தூக்கலா இருக்கணும்னு சில பேரு ஈயத்தக் கலக்குதாங்க."

"அப்போ பொடியில?"

"இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். ரெண்டும் ஒண்ணாக் கலந்துட்டு. இனிமே பிரிக்க முடியாது."

சார் ஸ்டூலில் உட்கார்ந்தார். காலியான சிமிழ் அவர் மடியில் இருந்தது.

"ஏன் சார் இதுல போட்டு வச்சீங்க?"

"பாட்டில்ல இருந்தா மருமக கழுவிக் கவுத்திருப்பாம்மா. அவளுக்கு என்ன தெரியும்? இத மட்டும் வீட்டுல யாரும் தொடமாட்டாங்க. உலகம்மா தினமும் தொட்ட பொருளு. பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்."

நான் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடாமல் நின்றேன்.

"பிரிக்க முடியாதுன்னு முதல் நாளே உங்களுக்குத் தெரியுமா டாக்டரம்மா?"

"தெரியும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, 'ஆமா, நீதான் கொன்ன'ன்னு சொல்லுத ஆளத் தேடிப் போயிருப்பீங்க."

சார் குனிந்து அழுதார். வந்த நாளிலிருந்து அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. டாக்டரம்மா தேற்றவில்லை. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. தண்ணீர் கொண்டுவரச் சொல்லி எனக்கு ஜாடை காட்டினார்.

தண்ணீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு சார் கேட்டார்.

"அப்போ எனக்குக் கடைசி வரைக்கும் தெரியவே தெரியாதா?"

"தெரியாது சார்."

டம்ளரை வாயில் வைக்காமலே கீழே வைத்தார். டாக்டரம்மா ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தார்.

"காலையில வந்தவரு இன்னும் பெஞ்சுலதான் இருக்காரு சார். அவரு சம்சாரம் அந்த மருந்த இன்னும் முதல் வேளைகூடச் சாப்பிடல."