குளத்துல முங்கின பதினோரு படகு

தொள்ளாயிரத்து நாப்பத்திரண்டு, சித்திரை மாசம். ஒரு ஊர்ல பதினோரு படகு, அதுக்கெல்லாம் ஒரே தண்டல். தண்டல்னா கடல்ல படகை நடத்துறவர். பேரு வைரக்கண்ணு. ம் கொட்டுடி பாப்பா, அப்பத்தான் சொல்லுவேன்.

ம்.

அப்போ உலகத்துல பெரிய சண்டை. எதிரி கப்பல்ல வர்றான்னு ஒரே பீதி. டக் டக்னு பூட்ஸ் போட்டுக்கிட்டு ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். வைரக்கண்ணு தலையில ஒரு தொப்பிய வச்சு, "இன்னிலேர்ந்து நீ சர்க்கார் ஆளு"ன்னார். தண்டலுக்குப் பெருமை தாங்கல. தொப்பியோட சாப்பிட்டார், தொப்பியோட குளிச்சார். பொண்டாட்டி தைலம்மை கேட்டா: "தொப்பிக்குள்ள ஏதாவது இருக்கா, காலியா?"

அப்புறம் துரை உத்தரவு போட்டார். "எதிரி கையில சிக்கக் கூடாது. பதினோரு படகையும் கொளுத்து!"

தண்டல் தொப்பியச் சொறிஞ்சுக்கிட்டே யோசிச்சார். படகு போச்சுன்னா ஊருக்குக் கஞ்சி கிடையாது.

"கொளுத்தலாம் துரை. ஆனா புகை பத்து மைலுக்குத் தெரியுமே? எதிரிய நாமளே கூப்பிட்ட மாதிரி ஆயிடும்."

துரை மீசையத் தடவினார். "அப்போ கோடாலியால வெட்டு!"

"வெட்டலாம் துரை. பலகையெல்லாம் மிதந்துபோய் உங்க கப்பலுக்கு அடியில சிக்குமே?"

"அப்போ மூழ்கடி!"

"கடல்ல போட்டா எதிரி எடுத்துக்குவான். ஊருக்குள்ள நல்ல தண்ணிக் குளம் இருக்கு..."

"பலே!"ன்னார் துரை.

தூங்கிட்டியா?

ம்... இல்ல.

படகை இழுத்துட்டு வந்து, கல்லைப் போட்டு, பொளக் பொளக்னு பதினொண்ணையும் முக்கினாங்க. தைலம்மை மாரடிச்சு அழுதா. ஊரே அழுதுச்சு. துரைக்கே கண்ணு கலங்கிடுச்சு. 'பதினோரு படகும் அழிஞ்சது'ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டார்.

உப்புத் தண்ணியில மரத்தைத் துளைக்கிற புழு உண்டு. அது சாகட்டும்னு அந்த ஊர்க்காரங்க வருஷா வருஷம் படகை அந்தக் குளத்துலதான் முக்கி வைப்பாங்க. பாவம், துரைக்கு யாரும் சொல்லல.

அப்புறம் ஆவணியில பீதி அடங்குச்சு, துரைக்கு மாத்தல் வந்துச்சு. இவங்க கல்லை எடுத்தாங்க, படகு எழும்புச்சு. அப்போ புதுத் துரை வந்தார்.

"இது யாரு படகு?"

"எங்க படகு துரை."

அவர் காகிதத்தைப் புரட்டினார். "உங்க படகுதான் அழிஞ்சிடுச்சே!"

"ஆமா துரை."

"அப்போ இது?"

தண்டல் தொப்பியக் கழட்டினார். "காகிதத்துல இல்லாத படகு துரை. பார்க்காம இருந்தீங்கன்னா பட்டாளத்துக்குத் தினம் மீன் வரும்."

துரை கடலுக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டார். மீன் கூடை வந்தா மட்டும் திரும்புவார்.

பாப்பா?

...ம்.

தொள்ளாயிரத்து நாப்பத்தாறு, பிப்ரவரி ஒன்பதாம் தேதி, பதினோரு படகைத் தியாகம் பண்ணினதுக்காக வைரக்கண்ணுக்குப் பதக்கம் குத்தினாங்க. விருந்துல வஞ்சிர வறுவல். அந்தப் படகு பிடிச்ச மீன்தான். பதக்கத்தைத் தைலம்மை, வலை முங்குறதுக்குக் கட்டுற ஈயக் குண்டுக்குப் பதிலா வலையில கட்டிட்டா.

படகு கரையேறிடுச்சு. கண்ணை மூடு.