முடிசூட்டுக் கல்லும் முதல் வெற்றிலையும்

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் ஊர் பார்க்கத் தராசில் ஏறி உட்கார வெட்கப்படாத காலத்தில், செங்கோடவர்மர் என்றொரு அரசர் இருந்தார். நல்லவர். நீதி தவறாதவர். சாப்பாட்டு இலையை மூடத்தான் அவருக்கு மனம் வராது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பட்டம் சூட்டும் நாளில் ராஜா மகுடம், மார்க்கவசம், வீரவாள், தோள்வளை, கழுத்து நிறைய மாலைகள் என்று அத்தனையும் அணிந்து கோயில் தராசில் அமர்வார். அந்த எடைக்குச் சமமாக ஒரு கல்லைச் செதுக்கிக் கோயில் மண்டபத்தில் வைத்துவிடுவார்கள். அதற்கு முடிசூட்டுக் கல் என்று பெயர். பிறகு ஆண்டுதோறும் ராஜாவின் பிறந்த நட்சத்திரத்தன்று, அதே அலங்காரத்தோடு அவரை உட்காரவைத்து, எடைக்கு எடை வெல்லம் நிறுத்து ஊருக்குப் பங்கிடுவார்கள்.

அந்த வருஷம் ஐப்பசியில் ராஜா தராசில் அமர்ந்தார். கொண்டுவந்த வெல்லம் எல்லாவற்றையும் கொட்டியாயிற்று. ராஜா இருந்த தட்டு தரையை விட்டு அசையவில்லை. கடைத்தெருவுக்கு ஆள் ஓடியது. வெல்லம் வந்து சேரும்வரை ராஜா தட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டு, "எங்க மகராசன் வருசா வருசம் இப்படியே பெருக்கணும் சாமி! எம் புள்ளைங்களுக்குப் பொங்கல் வரைக்கும் வெல்லம் கெடைக்குமே!" என்று வாழ்த்தினாள்.

அவள் மனதார வாழ்த்தினாள். அதுதான் ராஜாவுக்குத் தாங்கவில்லை.

இனி அந்த அரண்மனையில் இருந்த இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவன் விகடகவி மருதன். இன்னொருவர் மந்திரி கச்சிராயர். தினமும் மத்தியானம் சபை கலையும்போது ராஜா தம் கையாலேயே வெற்றிலை மடித்துக் கொடுப்பார். முதல் வெற்றிலை மருதனுக்கு. இரண்டாவது கச்சிராயருக்கு. மருதன் அதை வாயில் போட்டு மென்றுகொண்டே போய்விடுவான். முதலா இரண்டாவதா என்று அவன் நினைத்துப் பார்த்ததே கிடையாது. கச்சிராயருக்கோ அது ஒன்றுதான் நினைப்பு. வரி, வாய்க்கால், எல்லைக் காவல் எல்லாம் அவர் தலையில். வாயால் பிழைக்கிறவனுக்கு முதல் வெற்றிலையா? ராத்திரி தூக்கம் வராது. சோறு இறங்காது. பொறாமையிலேயே மனிதர் கொத்தவரங்காய்போல வற்றிப்போயிருந்தார்.

தராசுச் சங்கதி நடந்த மறுநாள் அவர் ராஜாவிடம் போனார்.

"அரசே, தாங்கள் வருந்த வேண்டாம். தங்களை முடிசூட்டுக் கல்லின் எடைக்குக் கொண்டுவருவது தனக்கு விளையாட்டு என்று மருதன் கடைவீதியில் பேசிவருகிறான்."

மருதன் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் சபையில் அவன் வாயைத் திறக்குமுன் ராஜா சொல்லிவிட்டார்:

"மருதா, தை மாதக் கொடியேற்றத்தன்று ஊர் பார்க்க நான் தராசில் அமர்வேன். எதிர்த்தட்டில் என் முடிசூட்டுக் கல் இருக்கும். இரண்டு தட்டும் நேராக நிற்க வேண்டும். நின்றால் கேட்டதைத் தருவேன். நிற்காவிட்டால் அன்றே நீ இந்த நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்."

மருதன் கச்சிராயரைப் பார்த்தான். அவர் தூணில் இருந்த சிற்பத்தை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உத்தரவு, அரசே. அதுவரை தாங்கள் என் சொல் கேட்க வேண்டும்" என்றான் மருதன்.

அவன் சொன்னதில் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. காலைப் பூசைக்குப் பல்லக்கில் போகாமல் நடந்து போக வேண்டும். நெய் அதிரசம் நான்கு சாப்பிடுகிற இடத்தில் இரண்டு. மத்தியானத் தூக்கத்துக்குப் பதில் நந்தவனத்தில் ஒரு சுற்று. ராஜாவும் சிரத்தையாகச் செய்தார். வாரம் முடிந்ததும் கோயிலில் ஐப்பசியில் நின்ற அளவு வெல்லத்தை வைத்து நிறுத்துப் பார்த்தார்கள். எதிர்த்தட்டிலிருந்து ஓர் உருண்டை வெல்லத்தை எடுத்ததும் தராசு நேரானது.

"ஓர் உருண்டையா?" என்றார் ராஜா. "ஒரு வாரம் நான் பட்ட பாட்டுக்கு ஓர் உருண்டைதானா?"

"நல்ல இறக்கம், அரசே" என்று சொல்லி மருதன் அந்த உருண்டையைத் துண்டில் முடிந்துகொண்டான்.

அடுத்த வாரமும் ஒன்று. ராஜாவுக்குப் பொறுமை போயிற்று. அந்தக் கோபத்தோடு சபைக்கு வந்தவர் கண்ணில் கச்சிராயர் பட்டார். வாழைத்தண்டுபோல இடுப்பு, உள்ளே ஒடுங்கிய வயிறு.

"கச்சிராயரே, நீர் மட்டும் எப்படி இவ்வளவு ஒல்லியாக இருக்கிறீர்?"

கச்சிராயர் திகைத்துப் போனார். மருதனைப் பார்த்து வயிறெரிந்தே இளைத்தேன் என்று சொல்ல முடியுமா? வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"லேகியம், அரசே. என்னிடம் ஒரு லேகியம் இருக்கிறது."

சொன்ன பிறகு அதைச் செய்தாக வேண்டுமே! வீட்டுக்கு ஓடிக் கடுக்காய், சிவதை, வேறு என்னென்னவோ போட்டுக் கிளறி எடுத்துவந்தார். கூடவே, கஞ்சித் தண்ணீர் தவிர வேறெதுவும் தொடக் கூடாது என்று பத்தியம். லேகியம் வேலை செய்தது. ராஜா கட்டிலுக்கும் கொல்லைப்புறத்துக்குமாக ஓடிக்கொண்டிருந்தார். வாரக் கடைசியில் தராசிலிருந்து ஒரு கூடை வெல்லம் இறங்கியது.

ஊரே வாயைப் பிளந்தது. "அது தண்ணீர்தான், அரசே. தண்ணீர் போனது, உடம்பு போகவில்லை" என்று மருதன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்று மத்தியானம் ராஜா வெற்றிலை மடித்தார். முதல் வெற்றிலை கச்சிராயருக்குப் போயிற்று.

இதைக் கேளுங்கள். அத்தனை வருஷம் அந்த வெற்றிலையை ஒரு பொருட்டாக நினைக்காத மருதனுக்கு அன்று நெஞ்சு எரிந்தது. இரண்டாவது வெற்றிலை வாயில் கசந்தது. கச்சிராயர் மெல்லுகிற தாடையையே பார்த்துக்கொண்டு நின்றான். 'அடப்பாவமே, இந்த மனிதர் இதையா இத்தனை காலம் தின்றுகொண்டிருந்தார்' என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியது. தோன்றியதே தவிர, எரிச்சல் அடங்கவில்லை.

வீட்டுக்குப் போனால் அவன் மனைவி செங்கமலம் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மிக்கல்லையும் எடுத்துக்கிடலாமா, இல்லை போற ஊர்ல வேற வாங்கித் தருவீங்களா?"

"எதுக்குடி இப்பவே கட்டுறே?"

"மந்திரிக்கு முதல் வெத்தலையாமே. ஊரே பேசுது. நம்ம வீட்டுக்கு யாரு வர்றதுன்னு பக்கத்து வீட்டுல கேக்குறாங்க."



மறுவாரமே, வழக்கு விசாரித்துக்கொண்டிருந்த ராஜா சிங்காசனத்திலிருந்து மயங்கிச் சரிந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவர் கேட்ட முதல் வார்த்தை, "அதிரசம் எங்கே?" என்பதுதான். அதுவரை அடக்கிவைத்திருந்த பசியெல்லாம் ஒன்றாக எழுந்தது. மடைப்பள்ளியில் அடுப்பு அணையவில்லை. சில நாளில் இறங்கிய கூடை அப்படியே ஏறிக்கொண்டது. மருதன் இறக்கியிருந்த இரண்டு உருண்டைகளும் கூடவே ஏறிக்கொண்டன.

கச்சிராயர் சளைக்கவில்லை. "லேகியத்தின் பலன் மருதனின் கண்ணேறால் கெட்டது" என்றார். ராஜா சோர்ந்துபோய், "யாரால் கெட்டதோ எனக்குத் தெரியாது. கொடியேற்றமும் மாறாது, நான் சொன்ன சொல்லும் மாறாது" என்றார். முதல் வெற்றிலை மட்டும் கச்சிராயரிடமே இருந்தது.

மருதன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். ராஜா நடந்தார். அதிரசம் இரண்டானது. வாரத்துக்கு ஓர் உருண்டை துண்டுக்குள் போயிற்று. ஒருநாள் மெருகு போடுகிற சாக்கில் அரண்மனை அணிகலன்களையெல்லாம் கோயிலுக்கு எடுத்துப்போய் வந்தான். திரும்பும்போது அவன் முகத்தில் ஒரு தெளிவு இருந்ததாகச் செங்கமலம் பிற்பாடு சொன்னாள்.

கொடியேற்ற நாள் வந்தது. "அரசே, இன்றும் நடந்தே போவோம். அணிகளைப் பல்லக்கில் பின்னால் அனுப்பச் சொல்லுங்கள்" என்றான் மருதன். மகுடத்தை ஏந்திவரும் பெருமையைக் கச்சிராயர் கேட்டு வாங்கிக்கொண்டார். ராஜா ஒற்றை வேட்டி, ஒரு மேல்துண்டு என்று வேர்த்து விறுவிறுக்கக் கோயிலுக்கு வந்து சேர்ந்தார். போகும் வழியில், "சற்றே பிடித்துக்கொள்ளுங்கள்" என்று மருதன் தன் துண்டு மூட்டையை அவர் கையில் கொடுத்திருந்தான். கோயில் வாசலுக்கு வருமுன் ராஜா அதை நான்கு முறை கை மாற்றினார்.

"நல்ல நேரம் கடக்கிறது, அமருங்கள் அரசே" என்று மூட்டையை வாங்கிக்கொண்டான்.

ராஜா அமர்ந்தார். எதிர்த்தட்டில் முடிசூட்டுக் கல்லை ஏற்றினார்கள். ராஜாவின் தட்டு ஆடியது, அசைந்தது, மேலே வந்தது. இரண்டும் நேராக நின்றன. ஊர் ஆரவாரம் செய்தது.

அப்போதுதான் கச்சிராயர் மகுடத்தோடு உள்ளே நுழைந்தார். பார்த்ததும் கத்தினார். "மோசடி! மகுடம் இங்கே இருக்கிறது! கவசம் பல்லக்கில் இருக்கிறது!"

மருதன் கைகட்டி நின்றான். "அரசர் 'நான் அமர்வேன்' என்றார். அமர்ந்திருக்கிறார். மகுடமும் அமரும் என்று சொல்லவில்லையே!"

ராஜாவின் முகம் இறுகியது. செங்கமலம் மூட்டையோடு மதில் ஓரத்தில் நின்றிருந்தாள். மருதன் தராசருகே வந்து பேசினான்.

"அரசே, காலையில் ஏற்றிக்கொண்டதை மாலையில் இறக்கிவிடலாம். மகுடம் அப்படி இறங்கும், கவசம் அப்படி இறங்கும். பட்டம் ஏறிய நாள் முதல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டதை ஒரு கொடியேற்றத்துக்குள் இறக்கச் சொன்னால், நான் இதைத்தான் செய்ய முடியும். கச்சிராயரால் லேகியம் கொடுத்துத் தண்ணீரைத்தான் இறக்க முடியும். ஆனால் இன்னொன்றும் பாருங்கள். மெருகு போடக் கொண்டுவந்த அன்றே இந்த அணிகளை இங்கே நிறுத்தேன். தங்கள் ஐப்பசி எடையிலிருந்து அவற்றை எல்லாம் கழித்தும் கல்லுக்குத் தட்டு நேராகவில்லை. மீதி நின்ற கனம் இவ்வளவுதான்" என்று துண்டை அவிழ்த்தான். உள்ளே ஐந்தாறு வெல்ல உருண்டைகள். "இவை தாங்கள் நடந்து இறக்கியவை. இவை இல்லாவிட்டால் இன்று நான் மூட்டையோடு போயிருப்பேன்."

ராஜா அந்த உருண்டைகளைப் பார்த்தார். தம் வலிக்கிற கையைப் பார்த்தார். "இதையா நான் உடம்பில் சுமந்துகொண்டிருந்தேன்?" என்று கேட்டவர், தராசுத் தட்டு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். எதிர்த்தட்டில் கல்லும் சேர்ந்து ஆடியது.

"வென்றாய் மருதா. நாளையும் நடப்போம். அடுத்த தையிலும் நடப்போம். உனக்கு என்ன வேண்டும், கேள்."

வெற்றிலைத் தட்டு வந்தது. ராஜா மடித்த முதல் வெற்றிலை மருதன் பக்கம் நீண்டது. மருதன் அதை வாங்கவில்லை.

"இதை மந்திரிக்குக் கொடுங்கள், அரசே. இன்று மட்டுமல்ல, தினமும் அவருக்கே. லேகியம் தின்று அவர் இளைக்கவில்லை, என்னைப் பார்த்துப் பார்த்து இளைத்தார். அவர் மனதில் இருக்கிற கனமும் பல வருஷமாக ஏறியது. ஒரே நாளில் இறங்காது. தினம் ஒரு வெற்றிலையாக இறங்கட்டும். எனக்கும் புதிதாகக் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதையும் இறக்கியாக வேண்டும்."

ராஜா மறுபடி சிரித்தார். முதல் வெற்றிலையைக் கச்சிராயரிடம் கொடுத்தார். மருதன் கேட்காமலேயே ஆற்றங்கரையில் நல்ல விளைநிலம் அவன் பேருக்கு எழுதப்பட்டது. செங்கமலம் அம்மிக்கல்லைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

கச்சிராயர் தலைகுனிந்து வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். கண்ணில் நீர்கூட வந்தது. ஆனாலும் மருதன் கைக்குப் போன இரண்டாவது வெற்றிலை தம்முடையதைவிடச் சற்றுப் பெரிதா என்று ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

மருதன் அதைக் கவனித்தான். "இன்று முதல் நாள்தானே, மந்திரியாரே" என்றான்.