கடைசி இதழின் முதல் பக்கம்

அரபு நாட்டுத் துறைமுக நகரம் ஒன்றில் ஹைஃபா என்றொரு கவிஞர் இருந்தார். அந்த நாட்டில் சொந்தப் பெயரில் கவிதை அச்சிட்ட முதல் பெண் அவர்தான். அது வெளியான அன்று பேச்சை நிறுத்திய அண்ணன், சாகும்வரை அவரோடு பேசவில்லை. பழைய சந்தத்தை விட்டு எழுதியதற்காக, புலவர்கள் அவருடைய கவிதையை நொண்டி ஒட்டகம் என்றார்கள். ஹைஃபா ஒட்டகத்தைப் பற்றியே ஒரு கவிதை எழுதினார். துறைமுகத்து மூட்டைக்காரர்கள் அதைப் பாடினார்கள்.

தாய்மாமன் இறந்தபோது அவர் நடத்திவந்த 'நங்கூரம்' பத்திரிகை ஹைஃபாவின் கைக்கு வந்தது. அரசாங்கம் அதை இரண்டு முறை மூடியது. இரண்டு முறையும் அவர் திறந்தார்.

அவரிடம் கவிதை கற்க வந்தவர் முன்திர். ஹைஃபாவைவிட ஒன்பது வயது மூத்தவர். பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு வந்திருந்தார். ஹைஃபா அவருக்குப் பிழை திருத்தும் வேலையைக் கொடுத்தார். கவிதை எப்போது சொல்லித் தருவீர்கள் என்று முன்திர் கேட்கும்போதெல்லாம், அச்சில் திருத்த வேண்டிய அடுத்த தாளை எடுத்து நீட்டுவார். இப்படியே ஏழு வருடம் ஓடிவிட்டது.

அந்த வருடம் வெள்ளக் காலத்தில் ஆற்றில் பயணிகள் படகு ஒன்று கவிழ்ந்தது. ஏழு பேர் இறந்ததாக ஆளுநர் மாளிகை அறிவித்தது. ஹைஃபா ஐந்து நாள் தெருத்தெருவாக நடந்து விசாரித்தார். ஆறாம் நாள் 'நங்கூரம்' முதல் பக்கத்தில் பத்தொன்பது பெயர்கள் வந்தன, யார் எந்தத் தெரு என்ற விவரத்தோடு.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. வியாழக்கிழமை இதழோடு பத்திரிகையை நிறுத்திவிட வேண்டும். அதன் பிறகு எந்த நாளிலும் அது வரக் கூடாது.

கடைசி இதழில் ஹைஃபா கவிதை எழுதப்போகிறார் என்று காபிக்கடைகளில் பேச்சாக இருந்தது. அது உண்மைதான். நாற்பது வரிக் கவிதை. முதலில் படித்தவர் முன்திர். படித்து முடித்தபின் அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் போய் நின்றார். அதுபோல் ஒன்றை அந்த மொழியில் அதற்குமுன் அவர் படித்ததில்லை.

புதன்கிழமை காலைக்குள் உள்பக்கங்கள் அச்சாகிவிட்டன. முதல் பக்கத்தில் கவிதை மட்டும். எழுத்துக் கோத்து, இரும்புச் சட்டத்தில் பூட்டி வைத்திருந்தார்கள்.

மதியம் நவ்ஃபா என்ற பெண் வந்தாள். அவள் கணவன் ஹாஸிம், கவிழ்ந்த படகில் துடுப்புப் போட்டவன். உடல் கிடைக்கவில்லை. அரசாங்கப் பட்டியலில் அவன் பெயர் இல்லை. 'நங்கூரம்' பட்டியலிலும் இல்லை. அதில் கயிற்றுக்காரர் தெரு காஸிம் என்று இருந்தது. அந்தத் தெருவில் காஸிம் என்று ஒருவர் உண்டு. மூச்சும் பேச்சுமாக இருக்கிறார். பத்திரிகையில் தன் சாவைப் படித்துவிட்டு அவர் சிரித்தாராம்.

ஹாஸிம் கப்பலேறி ஓடிவிட்டான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். துக்கம் கேட்க ஒருவரும் வரவில்லை. சாட்சி இல்லாமல் மரணம் என்று எழுத முடியாது, நாலு வருடம் காத்திரு என்று மார்க்க நீதிபதியான காஜி சொல்லி அனுப்பிவிட்டார். விதவைக்குரிய இத்தா இருப்பதா, வாசலைப் பார்த்துக் காத்திருப்பதா என்று நவ்ஃபாவுக்குத் தெரியவில்லை.

முன்திர் அந்தப் பழைய இதழை எடுத்துப் பார்த்தார். அரபியில் அந்த இரண்டு பெயர்களும் ஒன்று போலவே இருக்கும். முதல் எழுத்தின் மேல் ஒரு புள்ளி இருந்தால் காஸிம், இல்லாவிட்டால் ஹாஸிம். பெயர்ப் பட்டியல் அச்சுக்குப் போன அன்று அதை அவர் ஒரு தடவைதான் பார்த்தார். அதே இதழின் மூன்றாம் பக்கத்தில் வந்த கவிதையை நாலு தடவை பார்த்தார்.

அவர் அதை மறைக்காமல் சொன்னார். ஹைஃபா அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. நவ்ஃபாவை உட்காரவைத்து டீ கொடுத்தார். படகிலிருந்து உயிர் பிழைத்தவர்களில் இருவரை அழைத்துவரச் சொல்லி, அவர்கள் கண்டதைக் கேட்டு எழுதினார். ஹாஸிம் ஆறு பேரைக் கரைசேர்த்துவிட்டு, ஏழாவது ஆளைத் தேடித் திரும்ப நீந்திப் போனான். அதன் பிறகு அவனைக் காணவில்லை.

பிறகு ஹைஃபா அச்சுக்கூடத்துக்குள் போய், கவிதை இருந்த சட்டத்தைத் தன் கையாலேயே தளர்த்தினார்.

முன்திர் ஓடிவந்து தடுத்தார். "உஸ்தாதா, கீழ் மூலையில் நாலு வரி போதும். கவிதை அப்படியே இருக்கட்டும்."

"பக்கத்தில் கவிதை இருந்தால் மூலையை யார் படிப்பார்கள்?"

நாற்பது வரியும் எழுத்தெழுத்தாகப் பிரிந்து பெட்டிக்குப் போயின. வியாழக்கிழமை முதல் பக்கத்தில் இருந்தது ஹாஸிமின் பெயர், அவன் தகப்பன் பெயர், இரண்டு சாட்சிகளின் வாக்குமூலம், பிழை எங்களுடையது என்ற ஒரு வரி. அவ்வளவுதான்.

காபிக்கடைகளில் முணுமுணுத்தார்கள். பயந்துவிட்டாள் என்றார்கள் சிலர். ஒரு மாணவன் காசைத் திருப்பிக் கேட்டான்.

காஜி சாட்சிகளைக் கூப்பிட்டு விசாரித்து, ஹாஸிம் இறந்ததாகப் பதிவு செய்தார். சாயங்காலம் கயிற்றுக்காரர் தெருவில் நிற்க இடமில்லை. கரைசேர்ந்த ஆறு பேரும் வந்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் அதிகாரிகள் வந்து அலுவலகத்தைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஹைஃபாவும் முன்திரும் எதிர்ச் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகள் போன பிறகு முன்திர் கேட்டார்.

"ஊர் மொத்தமும் அந்தக் கவிதைக்குக் காத்திருந்தது. நீங்கள் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது. அதை எப்படிக் கலைக்க மனம் வந்தது?"

ஹைஃபா விரல் நுனியில் இருந்த மையைப் பார்த்தார். அது இன்னும் போகவில்லை.

"கவிதையை எந்தப் பத்திரிகையும் போடும், முன்திர். ஹாஸிமின் பெயரைத் தப்பாகப் போட்டது நம் பத்திரிகை. அதைத் திருத்த நமக்கு ஒரு நாள்தான் பாக்கி இருந்தது."