கவிழ்ந்து கிடந்த பவளம்

ஜமீன்தார் ஒருவர் கண்ணாடித் தொட்டியில் காளான் பவளம் வளர்த்தார். அதற்குக் கடல்தண்ணீர் மாற்றுவதற்கென்றே கடற்கரையிலிருந்து சலேத் என்ற பெண்ணைப் பிடித்து வந்திருந்தார்கள். வண்டியில் வரும் ஒவ்வொரு குடத்தையும் அவள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள். ஊருக்குப் போகிறேன் என்று எத்தனை தரம் கேட்டும் ஜமீன்தார் விடவில்லை.

ஒருநாள் விருந்தாளிகள், "இது பாறையிலேர்ந்து பெயர்த்த வெறும் துண்டு" என்று சிரித்தார்கள்.

ஜமீன்தார் சலேத் மேல் பாய்ந்தார். "காளான் பவளம்தான்னு நிரூபி! இல்லாட்டி தோலை உரிச்சிடுவேன்!"

"கவிழ்த்து வையுங்க ஐயா. பாறையில ஒட்டி வளர்றது அப்படியே கிடக்கும். காளான் பவளம் எதிலயும் ஒட்டாது, தானாப் புரண்டுக்கும்."

இரவு கவிழ்த்து வைத்த பவளம் காலையில் நிமிர்ந்திருந்தது.

"இவளே புரட்டி விட்டிருப்பா" என்றார்கள் விருந்தாளிகள்.

"அப்ப என்னை ஊருக்கு அனுப்பிட்டு மறுபடி கவிழ்த்துப் பாருங்க" என்றாள் சலேத்.

மானப் பிரச்சினை, ஜமீன்தார் அனுப்பிவிட்டார். மறுநாளும் பவளம் நிமிர்ந்தது. பெருமை தாங்காமல் அவளைக் கூட்டிவர வண்டி அனுப்பினார்.

இடுப்பளவு கடலில் நின்றிருந்த சலேத் கரைப்பக்கம் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"நான் அங்க வந்தா, அவங்களுக்கு மறுபடி சந்தேகம் வந்துருமே" என்றாள்.