ஆடு தட்டிவிட்ட தண்ணீர்

கேட்டு முடித்ததும் பதில் சொல்லாமல் எழுந்து போவதில்லை என்று ஒப்புக்கொள்கிறவர்களுக்குத்தான் இந்தக் கதை.

செங்கரட்டுப்பட்டியில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வரும். வருகிற அன்று ஊரே தெருவில் நிற்கும். வீட்டுக்கு வீடு இருக்கிற பெரிய நீல ட்ரம்மில் பழைய தண்ணீர் மிச்சம் இருந்தால், அதை இறைக்க மனம் வராமல் அதன் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றி நிரப்புவார்கள்.

அந்த வருஷம் ஊருக்குள் டெங்குக் காய்ச்சல் நுழைந்தது. வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து எடுத்துச் சொல்லும் வேலையைத் தவமணிக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள்தான். ஆனால் அவளுக்கு முன்னால் வந்தவர் புழு கண்ட ட்ரம்மையெல்லாம் யாரையும் கேட்காமல் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார். அதனால் முதல் வாரம் அவளுக்கு ஒரு கதவும் திறக்கவில்லை. “வீட்ல ஆள் இல்ல” என்று உள்ளேயிருந்தே குரல் வந்தது.

கடைசியில் தவமணி குழாயடிக்குப் போய், கூடியிருந்த பெண்களிடம் ஒரு வாக்குக் கொடுத்தாள்.

“உங்க சம்மதம் இல்லாம ஒரு சொட்டுத் தண்ணியக்கூட நான் கீழ கொட்ட மாட்டேன். எம் பிள்ளைக மேல சத்தியம்.”

அதன் பிறகுதான் கதவுகள் திறந்தன. ட்ரம்மை மூடிவைக்க வேண்டும், கொசு இடும் முட்டை உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறுமனே கொட்டினால் போதாது, தேங்காய் நாரால் தேய்க்கவும் வேண்டும் என்று அவள் வாசல் வாசலாகச் சொன்னாள். சிலர் கேட்டார்கள். சிலர் அவள் முகத்துக்காகத் தலையாட்டினார்கள்.

தலையாட்டியவர்களில் ஒருத்தி சீனித்தாய். தண்ணீர் வந்த மறுநாள் அவள் வீட்டு ட்ரம்மில் தவமணி டார்ச் அடித்துப் பார்த்தாள். உள்ளே நெளிந்தது. ஒரு தம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் காட்டினாள். புழுக்களோடு, இரண்டு நாளில் கொசுவாகிப் பறக்கக்கூடிய கூட்டுப்புழுக்களும் துள்ளின. கூடத்தில் மருமகள் ஈஸ்வரியின் ஏழு மாதக் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. அடுத்த தெருவில் இரண்டு வீட்டில் காய்ச்சல். ஒரு பிள்ளையை டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

“சித்தி, இத இப்பவே கொட்டணும்.”

“கொட்டிட்டு? இன்னும் ஒம்பது நாளைக்கு உன் வீட்லருந்து தண்ணி தருவியா?” என்றாள் சீனித்தாய். “சத்தியம் பண்ணியிருக்கே தவமணி. மறந்துராதே.”

தண்ணீரில் ஊற்றுகிற கொசுப்புழு மருந்து தீர்ந்திருந்தது. வர நாலு நாள் ஆகும். வடிகட்டிப் பிடித்துவைக்கலாம் என்றால் வீட்டிலும் பக்கத்திலும் எல்லாப் பாத்திரமும் நிறைந்து கிடந்தது. துணி கட்டி மூடினாலும், தண்ணீர் மொள்ளத் திறக்கும்போதெல்லாம் உள்ளே பொரிந்த கொசு பறந்துவிடும். தவமணி வெளியே வந்து மேற்பார்வையாளர் சகாயராஜுக்குப் போன் போட்டாள்.

“கவுத்திட்டு வாங்க. சத்தியம் பெருசா, உயிர் பெருசா?” என்றார் அவர்.

“இன்னைக்கு ஒரு ட்ரம்மக் கவுத்தா, நாளைக்கு எழுபது கதவு சாத்திக்கிரும் சார்.”

“அப்ப காலையில நானே வந்து கவுக்கிறேன்.”

தவமணி வீட்டுக்குப் போனாள்.

விடிந்ததும் அவள் சீனித்தாய் வீட்டுக்குப் போனபோது சகாயராஜும் பைக்கில் வந்து இறங்கினார். ட்ரம் வாசலில் சாய்ந்து கிடந்தது. முற்றமெல்லாம் சேறு. சீனித்தாய் வெள்ளாட்டைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆடு முட்டித் தள்ளிவிட்டது என்று ஈஸ்வரி சொல்லியிருந்தாள். “வேலை மிச்சம்” என்று சொல்லி அவர் வண்டியைத் திருப்பினார். தவமணி மட்டும் ட்ரம்முக்குள் எட்டிப் பார்த்தாள். உள்சுவர் பளிச்சென்று தேய்க்கப்பட்டிருந்தது. ஈஸ்வரியின் நகக்கண்ணில் பாசி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த எட்டு நாளும் ஈஸ்வரி மூன்று மைல் தள்ளியிருந்த தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தாள்.

மறுபடி குழாயில் தண்ணீர் வந்தது. தவமணி போய்ப் பார்த்தபோது ட்ரம் நிறைந்திருந்தது. மூடியும் இல்லை, துணியும் இல்லை. ஆனால் ஆட்டை மட்டும் முளையடித்து, குட்டைக் கயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்தாள் சீனித்தாய்.

“ஏ தவமணி, நீ படிச்சவ. நெறஞ்ச ட்ரம்ம ஆடு தள்ளுமா? எனக்கென்னவோ சந்தேகமாத்தான் இருக்கு. நீ சொல்லு.”

பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஈஸ்வரி நின்றாள்.

கவிழ்க்கச் சொன்னவர் சகாயராஜ். வாக்குத் தவறாமல் திரும்பிப் போனவள் தவமணி. கொட்டிவிட்டுப் பொய் சொன்னவள் ஈஸ்வரி. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: சகாயராஜ் புழுவைப் பார்த்தார், ஊர்க் கதவுகளைப் பார்க்கவில்லை. தவமணி சத்தியத்தைக் காத்தாள், ஆனால் அதனால் வந்த ஆபத்து ஈஸ்வரியின் மடியில் அல்லவா கிடந்தது? ஈஸ்வரி குழாயடியிலிருந்து தான் சுமந்து நிரப்பிய தண்ணீரைத் தானே கொட்டினாள். அதனால் வந்த பாட்டையும் தானே பட்டாள். அவள் செய்ததுதான் சரி. ஆனால் அவள் சொன்ன பொய், மாமியாரை ஆட்டைக் கட்ட வைத்ததே தவிர ட்ரம்மை மூட வைக்கவில்லை. அதை அவளும் அப்போதுதான் கண்டாள். தவமணி வாய் திறக்குமுன், “ஆடு இல்ல அத்தை. நான்தான் கொட்டுனேன். பிள்ளைக்குப் பயந்து கொட்டுனேன்” என்றாள். சீனித்தாய் நாலு நாள் மருமகளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், யாரும் சொல்லாமலே, தன் பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து ட்ரம்மின் வாயில் இறுக்கிக் கட்டினாள்.