வெட்டக் கொடுத்த காலாள்

ஊரும் பேரும் கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் சதுரங்கப் பைத்தியம் பிடித்த ராஜா ஒருவர் இருந்தார். கப்பல் வணிகன் ஒருவன் அவரோடு ஆட உட்கார்ந்து, இரண்டாவது நகர்த்தலிலேயே தன் காலாளை வெட்டக் கொடுத்தான். ராஜா ஆசையாய் வெட்டினார். அந்த ஆதாயத்தை விடாமல் அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, வணிகனின் காய்கள் நடுப்பலகையைப் பிடித்துவிட்டன. தோற்ற ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. வணிகனோ கப்பலேறிப் போய்விட்டான்.

"கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு ஒருவன் எப்படி ஜெயிப்பான்? எனக்கு விளங்கியாக வேண்டும்!" என்று ராஜா சபையில் கர்ஜித்தார்.

அமைச்சர் அகோரநாதருக்கு விகடகவி மருதப்பனைக் கண்டாலே ஆகாது. போன மாதம் ராஜா அவனுக்கு முத்துமாலை அணிவித்ததிலிருந்து வயிற்றெரிச்சல் வேறு.

"மருதப்பன் விளக்கட்டும், மகாராஜா. வாய்ப்பேச்சு உதவாது, பலகையையும் தொடக் கூடாது. கண்ணெதிரே காட்ட வேண்டும். உச்சிமணி அடிப்பதற்குள் முடியாவிட்டால் தலையை எடுத்துவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

அகோரநாதர் தண்டனை ஓலையை அப்போதே எழுதி, ராஜாவின் பக்கத்தில் இருந்த தம் ஆசனத்தில் வைத்துக்கொண்டார். மணி அடித்ததும் அதை அவர் படித்துவிட்டால் ராஜாவே நினைத்தாலும் தடுக்க முடியாது. அந்தச் சபையின் வழக்கம் அப்படி. இன்னொரு வழக்கமும் உண்டு: சபை நடக்கையில் அமைச்சர் ஆசனம் காலியாகக் கூடாது. அவர் எழுந்தால், அதில் முதலில் உட்காருகிறவனே அன்றைக்கு அமைச்சர்.

வெயில் ஏறியது. வாசலில் கொலைஞன் வந்து நின்றதும் மருதப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. முத்துமாலையைக் கழற்றி எடுத்துப்போய் வாசற்படியில் வைத்தான்.

"சாகப் போகிறவனுக்கு இது எதற்கு? மகாராஜா தந்த மாலை, ஏவலாளர் தொடலாகாது. பெரியவர்கள் யாராவது தங்கள் கையாலேயே எடுத்துக்கொள்ளுங்கள்."

சொல்லிவிட்டு ராஜாவின் காலடியில் போய் விழுந்தான். அகோரநாதர் அசையவில்லை. மணி அடிப்பவன் கயிற்றைப் பிடித்துவிட்டான். அப்போது சேனாதிபதி மாலையை எடுக்க எழுவதைப் பார்த்தாரோ இல்லையோ, அகோரநாதர் வாசலுக்கு ஓடினார்.

மாலை அவர் கைக்குப் போனபோது மருதப்பன் அமைச்சர் ஆசனத்தில் இருந்தான். ஓலை இரண்டாகக் கிழிந்தது. உச்சிமணியும் அடித்தது.

"மகாராஜா, அந்த மாலைதான் நான் வெட்டக் கொடுத்த காலாள். எடுத்தவர் ஓரத்தில் நிற்கிறார். நான் நடுவில், தங்கள் பக்கத்தில் இருக்கிறேன். வணிகன் செய்தது இவ்வளவுதான்."

சபை அதிர ராஜா சிரித்தார்.

"சரி, அவர் மாலையை எடுக்காமலே இருந்திருந்தால்?"

"அங்கேதான் பிரபு, இந்த ஆட்டம் எனக்கே இன்னும் விளங்கவில்லை."

ராஜா மறுபடியும் சிரித்துத் தம் பொற்கங்கணத்தைக் கழற்றினார். இன்னும் நடுங்கிக்கொண்டிருந்த மருதப்பனின் கையில் அதை மாட்டிவிட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.